பக்கவாதத்திற்குப் பின் உடலுணர்வை மீட்டல்

பக்கவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ அப்பகுதியின் செல்கள் இறந்து, அவை கவனித்துவந்த வேலைகள் நின்றுபோகும் நிலையாகும். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தையும், வலப்பாதி இடப்பக்கத்தையும் ஆள்வதால், பாதிப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கை, கால், முகத்தில் தெரிகிறது.

பேச்சு வழக்கில் இதை "ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது" என்பார்கள். "கை விளங்காமல் போய்விட்டது" என்றும் சொல்வார்கள். விளங்குதல் என்ற சொல்லுக்கு இயங்குதல், புரிதல் என இரு பொருளும் உண்டு. பக்கவாதம் வந்த பலரின் கை இந்த இரண்டு பொருளிலும் விளங்காமல் போகிறது. அசைக்கும் வலு குறைவது ஒன்று. அந்தக் கை எங்கே இருக்கிறது, எப்படி மடங்கியிருக்கிறது, எதைத் தொடுகிறது, அது தன்னுடைய கைதானா என்ற அறிவு குறைவது மற்றொன்று. பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் "கையைத் தூக்க முடிகிறதா?" என்றுதான் கேட்கிறார்கள். கை எங்கே இருக்கிறதென்று தெரிகிறதா என்று யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் நோயாளியே அதைச் சொல்வதில்லை. இல்லாமல் போன உணர்வை எடுத்துச் சொல்வது எளிதன்று.

தொடுவுணர்விலோ நிலையுணர்விலோ ஏதேனும் ஒரு குறை, பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருக்கிறது. இக்குறையைக் கவனிக்காமல் தசை வலுவை மட்டும் வளர்க்க முயலும் மறுவாழ்வுப் பயிற்சி, பாதி வழியில் நின்றுவிடக்கூடும்.

உடல் தன்னை அறியும் வழி

கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட யாரும் கையைத் தேடுவதில்லை. இந்த அறிவைப் பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906ஆம் ஆண்டில் புரோப்பிரியோசெப்சன் என்று அழைத்தார். தமிழில் இதை நிலையுணர்வு எனலாம். தசைகளுக்குள் கதிர் வடிவில் அமைந்த நுண்ணிய உணர்வேற்பிகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று ஓயாமல் அறிவிக்கின்றன. தசைநாண்களில் உள்ளவை இழுவிசையை அறிவிக்கின்றன. மூட்டுகளும், அவற்றின் மேல் இழுபடும் தோலும் தம் பங்கிற்குச் செய்தி அனுப்புகின்றன. முழங்கையை மடக்கும் தசையின் நாண்மீது அதிர்வுக் கருவி ஒன்றை வைத்தால், அசையாமல் இருக்கும் கை நீள்வதுபோல் கண் மூடியவருக்குத் தோன்றும். நிலையுணர்வு இந்தச் செய்திகளைக் கொண்டு மூளை செய்யும் கணிப்பு என்பதை இச்சிறு சோதனை காட்டுகிறது.

கை கால்களிலிருந்து வரும் செய்திகள் தண்டுவடத்தின் பின்பகுதி வழியாக மேலேறி, மூளைத்தண்டில் பக்கம் மாறி, தாலமஸ் என்னும் நடுநிலையத்தைக் கடந்து, மூளையின் சுவர் மடலில் உள்ள உணர்வுப் புறணியை அடைகின்றன. கனடாவில் மூளை அறுவைச் சிகிச்சை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்டும் எட்வின் போல்ட்ரியும் 1937இல் இப்பகுதியில் உடலின் வரைபடம் இருப்பதைக் காட்டினர். அவ்வரைபடத்தில் கைவிரல்களும் உதடும் மிகப் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முதுகுக்குக் கிடைப்பது சிறு கீற்று.

வரைபடம் மட்டும் போதாது. உடல் அசைய அசைய மூளை தன் கணக்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஹென்றி ஹெட், கார்டன் ஹோம்ஸ் என்ற இரு நரம்பியல் மருத்துவர்கள் 1911இல் இதை உடல் வரைவு என்ற கருத்தால் விளக்கினர். இந்த வரைவு தோலோடு முடிந்துவிடுவதில்லை என்பது அவர்களது சுவையான கவனிப்பு. தொப்பியில் இறகு செருகிய பெண்மணிக்கு இறகின் நுனிவரை உடல் நீள்கிறது என்றார்கள். தலையில் குடத்தோடு தாழ்ந்த வாசலில் குனிந்து நுழைபவருக்கும் அதே கதைதான்.

இந்த உணர்வு முற்றிலும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இயன் வாட்டர்மன் என்ற ஆங்கிலேயர் சான்றாகப் பேசப்படுகிறார். அவருக்கு வந்தது பக்கவாதம் அன்று. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வையும் நிலையுணர்வையும் சுமந்துவந்த நரம்புகள் அழிந்தன. தசைகளை இயக்கும் நரம்புகள் நன்றாகவே இருந்தன. ஆயினும் அவரால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்து, மனத்தால் திட்டமிட்டு, பல மாத முயற்சிக்குப் பின்னரே உட்காரவும் நடக்கவும் கற்றார். விளக்கு அணைந்து இருள் சூழ்ந்தால் அவரால் நிற்க இயலாமல் போகும். வலு இருந்தும் அறிவு இல்லாவிட்டால் உடல் பயன்படுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு அரிது.

பக்கவாதத்தில் இழப்பது எது

உணர்வுப் பாதையின் எந்த இடம் அடிபட்டது என்பதைப் பொறுத்து இழப்பு மாறுகிறது. தாலமஸில் ஏற்படும் சிறு அடைப்பு, வலுவைத் தொடாமல் உணர்வை மட்டும் எடுத்துவிடலாம். அத்தகையவர் கையில் டம்ளரைப் பிடிப்பார். பேச்சில் கவனம் திரும்பிய கணத்தில் அது நழுவி விழும். பார்ப்பவர்கள் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வார்கள். உண்மையில் கவனம் ஒன்றுதான் அதுவரை அந்த டம்ளரைப் பிடித்துவைத்திருந்தது. வேறு சிலருக்கு மரத்துப்போன பக்கத்திலேயே எரிச்சலும் தாங்கமுடியாத வலியும் பின்னர் தோன்றுகின்றன. இதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் டெஜெரினும் ரூசியும் 1906இல் விவரித்தனர்.

மூளையின் வலப்பாதியில், குறிப்பாகச் சுவர் மடலையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தாக்கும் பக்கவாதம் வேறுவிதமான இழப்பைத் தருகிறது. நோயாளிக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து மறைகிறது. இது ஒருபக்கப் புறக்கணிப்பு எனப்படும். முகத்தின் வலப்பாதியை மட்டும் சவரம் செய்துகொள்வார். இலையின் வலப்பாதியில் உள்ளதை மட்டும் உண்டுவிட்டு இன்னும் வேண்டும் என்பார். கண் பார்வையில் குறையில்லாதபோதும் இது நேரலாம். இத்தாலியின் எதுவார்தோ பிசியாக், கிளாவுதியோ லுட்சாத்தி ஆகியோர் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதை மறக்கமுடியாதபடி காட்டியது. மிலான் நகரின் பேராலயச் சதுக்கத்தை நன்கறிந்த இரு நோயாளிகளிடம், பேராலயத்தை நோக்கி நிற்பதாக எண்ணிக்கொண்டு சுற்றியுள்ள கட்டடங்களைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கட்டடங்களையே பெரும்பாலும் சொன்னார்கள். பிறகு பேராலயத்தின் வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்டுப்போன கட்டடங்கள் வந்துவிட்டன. முன்பு சொன்னவை மறைந்தன. நினைவு அழியவில்லை. அதன் இடப்பக்கத்தை நோக்கித் திரும்ப முடியவில்லை.

சிலர் தமக்குப் பக்கவாதம் வந்ததையே ஏற்பதில்லை. அசைவற்ற இடக்கையைக் காட்டித் தூக்கச் சொன்னால், "தூக்கிவிட்டேனே" என்பார்கள். இந்நிலைக்கு ஜோசப் பாபின்ஸ்கி 1914இல் அனோசோக்னோசியா என்று பெயரிட்டார். இன்னும் சிலர் படுக்கையில் கிடக்கும் தம் கையை வேறொருவருடையது என்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் மறந்துவிட்டுப் போனார் என்றும் சொல்வதுண்டு. குடும்பத்தார் இதைப் பிடிவாதமாகவோ மனநோயாகவோ எடுத்துக்கொண்டு வாதாடுவது இயல்பு. வாதத்தால் இது மாறாது. தன் உடலைக் கண்காணிக்கும் கருவியே பழுதாகியிருக்கிறது.

உடல் எங்கே நேராக நிற்கிறது என்ற உணர்வும் கெடலாம். இயன்முறை மருத்துவர் பாட்ரிசியா டேவிஸ் 1985இல் விவரித்த தள்ளும் நோயாளிகள் இவ்வகையினர். பொதுவாக ஒருபக்கம் வலுவிழந்தவர் நல்ல பக்கத்தின் மீது சாய்ந்துதான் தப்பிக்கப் பார்ப்பார். இவர்களோ நல்ல கையாலும் காலாலும் தம்மைத் தாமே வலுவற்ற பக்கம் நோக்கித் தள்ளுகிறார்கள். நிமிர்த்தி உட்காரவைக்க முயன்றால், கீழே விழப்போவதுபோல் அஞ்சி எதிர்க்கிறார்கள். ஜெர்மனியின் ஹான்ஸ்-ஓட்டோ கார்னாத்தும் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இத்தகையவர்களைச் சாய்நாற்காலியில் அமர்த்திச் சோதித்தனர். மூளை பாதிக்கப்பட்ட பக்கமாக ஏறத்தாழ 18 பாகை சாய்ந்திருக்கும்போதுதான் தாம் நேராக இருப்பதாக அவர்கள் உணர்ந்தனர். ஆனால் எதிரே ஒரு கோட்டைக் காட்டி அது செங்குத்தா என்று கேட்டபோது சரியாகவே சொன்னார்கள். உடல் தவறாகச் சொல்ல, கண் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

சிகிச்சைக்கான வழியும் இதிலேயே இருந்தது. தள்ளும் நோயாளியைப் பிடித்து நிமிர்த்துவதைவிட, கதவு நிலையையோ தூணையோ காட்டி, "நீங்கள் இதற்கு நேராக இருக்கிறீர்களா, பாருங்கள்" என்று கேட்பது பயன் தருகிறது. தன் சாய்வைத் தானே கண்டுகொண்ட பின், நேராகும் அசைவையும் அவரே தேடுகிறார். இக்குறை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் மறைந்துவிடுகிறது என்பது ஆறுதலான செய்தி.

ஒரு நரம்பியல் பேராசிரியரின் சொந்தச் சான்று

நார்வேயின் ஆல்ஃப் புரோடல் உலகறிந்த மூளை உடற்கூற்றியல் அறிஞர். ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1972 ஏப்ரலில், 62ஆம் வயதில், மூளையின் வலப்பாதியில் ஏற்பட்ட பக்கவாதத்தால் அவரது இடப்பக்கம் வலுவிழந்தது. வாழ்நாள் முழுவதும் நரம்புப் பாதைகளை ஆராய்ந்தவர், இப்போது தன்னையே ஆராயத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் 'பிரெயின்' என்ற ஆய்விதழில் வெளியான அவரது கட்டுரை இன்றும் மறுவாழ்வுப் பயிற்சி தருபவர்களால் விரும்பிப் படிக்கப்படுகிறது. அதில் அவர் தன்னை நோயாளி என்றே படர்க்கையில் குறிப்பிட்டுக்கொள்கிறார்.

வலுவிழந்த தசையை அசைக்கச் செலுத்த வேண்டியிருந்த மன முயற்சியின் அளவு அவரை வியக்கவைத்தது. தசை இணங்க மறுப்பதுபோலவும், அதை இணங்கவைக்கப் பெரும் ஆற்றல் செலவாவதுபோலவும் தோன்றியது. சில சிறு அசைவுகளுக்குப் பிறகு வரும் களைப்பு, தசையில் இல்லை, மனத்தில் இருந்தது. பயிற்சியின்போது நோயாளி சோம்பலாக இருக்கிறார் என்று எண்ணும் குடும்பத்தார் இப்பகுதியைப் படித்தால் நல்லது.

கழுத்தில் வில் வடிவ டையைக் கட்ட முயன்றதைப் பற்றி அவர் எழுதியது இன்னும் நுட்பமானது. அதற்கு முன் எத்தனையோ முறை எண்ணாமல் கட்டிய முடிச்சு அது. விரல்களின் வலுக்குறைவு ஒரு தடை. ஆனால் முதன்மையான தடை அதுவன்று என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த அசைவு எதுவென்று விரல்களுக்குத் தெரியவில்லை. மனப்பாடமான செய்யுளை ஒப்பிக்கையில் நடுவில் அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவருக்கும் அப்படியே ஆயிற்று.

இயன்முறை மருத்துவர் அவரது கையைப் பிடித்து ஓர் அசைவைச் சில முறை மெல்லச் செய்துகாட்டிய பின், அதே அசைவைத் தானே செய்வது எளிதானது என்பதையும் அவர் பதிவுசெய்தார். பிறர் அசைத்தபோது மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் எழுந்த உணர்வு, அந்த அசைவு எப்படி இருக்கும் என்பதை மூளைக்கு நினைவூட்டியதாக அவர் கருதினார். அசைவைக் கற்பதற்கு முன் அதன் உணர்வைக் கற்க வேண்டியிருந்தது.

பயன்படுத்தாமல் போகும் பழக்கம்

ஷெரிங்டன், ஃபிரடெரிக் மாட் ஆகிய இருவரும் 1895இல், குரங்கின் ஒரு கையிலிருந்து வரும் உணர்வு நரம்புகளை மட்டும் துண்டித்தால், அசைக்கும் நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அந்தக் கையைக் கைவிட்டுவிடுவதைக் கண்டனர். உணர்வின்றி அசைவே பிறக்காது என்ற முடிவு பல பத்தாண்டுகள் நிலைத்தது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதை மீண்டும் ஆராய்ந்தார். அதே குரங்கின் நல்ல கையைக் கட்டிவைத்தபோது, கைவிடப்பட்ட கையை அது பயன்படுத்தத் தொடங்கியது. தொடக்கத்தில் முயன்று தோற்ற குரங்கு, அந்தக் கை உதவாது என்று கற்றுக்கொண்டிருக்கிறது. பின்னர் உதவக்கூடிய நிலை வந்தபோதும் முயலவில்லை. இதை அவர் கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்றார். இந்த ஆய்வுக் குரங்குகளின் நிலை 1981இல் அமெரிக்காவில் பெரும் வழக்காக வெடித்தது. விலங்கு ஆய்வு விதிகள் இறுகியதில் அவ்வழக்கிற்குப் பங்குண்டு.

மனிதரிடமும் இதுவே நடக்கிறது. முதல் வாரங்களில் ஒரு கை உதவாதபோது எல்லா வேலையையும் மற்றக் கை எடுத்துக்கொள்கிறது. வீட்டார் அன்போடு ஊட்டிவிடுகிறார்கள், பொத்தான் போட்டுவிடுகிறார்கள். மூளையில் வீக்கம் வற்றி, வழிகள் ஓரளவு திறக்கும் வேளையில் அந்தக் கையை யாரும் கேட்பதில்லை. கேட்கப்படாத கையின் செய்திகள் குறைய, வரைபடத்தில் அதன் இடமும் சுருங்குகிறது.

டாப்பின் கண்டுபிடிப்பிலிருந்து நல்ல கையைக் கட்டுப்படுத்தும் பயிற்சிமுறை உருவானது. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதங்களான 222 பேர் பங்கேற்றனர். பயிற்சிக் குழுவினர் இரு வாரங்களுக்கு, விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு வரை நல்ல கையில் கையுறை அணிந்து, வலுவற்ற கையால் நாள்தோறும் மணிக்கணக்கில் பயிற்சி செய்தனர். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்களது கைப்பயன்பாடு கூடியது. ஓராண்டுக்குப் பின்னும் அந்தப் பலன் நிலைத்தது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது நிமிர்த்த முடிபவர்களுக்கே இம்முறை பொருந்தும். கை முற்றிலும் அசையாதவரின் நல்ல கையைக் கட்டிவைப்பது அவரைத் தவிக்கவிடுவதாகும்.

உணர்வை மீட்கும் பயிற்சிகள்

முதலில் இழப்பை அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. கண்ணை மூடச் சொல்லி, விரலின் பக்கவாட்டைப் பிடித்து மேலோ கீழோ அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். வலுவற்ற கையைக் காற்றில் ஓரிடத்தில் பிடித்துவைத்து, அதன் கட்டைவிரலை நல்ல கையால் பற்றச் சொல்வது மற்றொன்று. உணர்வு நன்றாக இருப்பவர் நேரே பற்றுவார். இழப்பு மிகுந்தவர் வெறுங்காற்றைத் துழாவிவிட்டு, தோளிலிருந்து தொடங்கிக் கையைத் தடவிக்கொண்டே போய்க் கட்டைவிரலைக் கண்டுபிடிப்பார். இச்சோதனையைச் செய்யும் நாளில்தான் பல நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் இழப்பு என்னவென்று முதன்முறையாகப் புரிகிறது.

பயிற்சியின் அடிப்படை எளிமையானது. செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். கண்ணை மூடி ஒரு பொருளைத் தொட்டு, அது என்னவென்று ஊகிக்க வேண்டும். பிறகு கண்ணைத் திறந்து பார்த்து, நல்ல கையாலும் தொட்டு ஒப்பிட்டு, மறுபடி கண்ணை மூடி அதே பொருளைத் தொட வேண்டும். சொரசொரப்பான காகிதமும் பட்டுத்துணியும் போன்ற பெரிய வேறுபாட்டில் தொடங்கி, சாவி, நாணயம், பொத்தான் என்று நுண்மைக்குப் போகவேண்டும். மெல்போர்னில் லீயன் கேரியும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வாறு முறையாகப் பயிற்சி பெற்றவர்களை, பலவகைப் பொருள்களை வெறுமனே தொட்டும் பிடித்தும் பழகியவர்களோடு ஒப்பிட்டனர். 50 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில் முறையான பயிற்சியே கூடுதல் பலன் தந்தது. தொடுவது மட்டும் போதாது. ஊகிப்பதும், தவறுவதும், திருத்திக்கொள்வதும் வேண்டும்.

இத்தாலிய மருத்துவர் கார்லோ பெர்ஃபெத்தி இதே எண்ணத்தை வேறு வழியில் வளர்த்தார். வெவ்வேறு மென்மையுள்ள பஞ்சுகளை நோயாளியின் உள்ளங்கையின் கீழோ பாதத்தின் கீழோ வைத்து, கண் மூடிய நிலையில் எது கடினம், எது மென்மை என்று கேட்பது அவரது பயிற்சிகளில் ஒன்று. நோயாளிக்கு முன் வைக்கப்படுவது ஒரு கேள்வி. அதற்கு விடை தேடும்போது அசைவும் சேர்ந்து வருகிறது.

வீட்டில் இதற்கான பொருள்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு பாத்திரத்தில் அரிசியையோ பயறையோ நிரப்பி, உள்ளே புதைத்த புளியங்கொட்டையையும் சாவியையும் பார்க்காமல் தேடி எடுக்கலாம். வெறுங்காலோடு தரை, பாய், மணல் என்று நின்று வேறுபாட்டைச் சொல்லலாம். உட்கார்ந்த நிலையில் வலுவற்ற உள்ளங்கையைப் படுக்கையில் ஊன்றி, உடலின் எடையை மெல்ல அதன்மேல் சாய்ப்பது தோளுக்கும் முழங்கைக்கும் வலுவான செய்தியை அனுப்புகிறது. இதை முதலில் இயன்முறை மருத்துவர் மேற்பார்வையில் பழகுவதே நல்லது.

கண்ணாடிச் சிகிச்சையின் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடமுண்டு. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவின் சான் டியாகோவில் பணியாற்றிய வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி உணர்பவர்களுக்காக ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். உடலின் நடுவே நிறுத்திய கண்ணாடியில் நல்ல கையின் பிம்பம், இல்லாத கை இருக்கவேண்டிய இடத்தில் தெரியும். அவரும் சேர்ந்திருந்த குழு 1999இல் இதைப் பக்கவாதம் வந்த 9 பேரிடம் சோதித்தது. நோயாளி இரு கைகளையும் ஒன்றாக அசைக்க முயலும்போது, வலுவற்ற கை தடையின்றி அசைவதாகக் கண் சொல்கிறது. அதன்பின் 60க்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்துள்ளன. வழக்கமான பயிற்சியோடு சேர்த்துச் செய்தால் கை அசைவில் மிதமான முன்னேற்றம் கிடைப்பதை அவை காட்டுகின்றன. ஒருபக்கப் புறக்கணிப்பைப் பொறுத்தவரை தெளிவான சான்று இல்லை. ஒரு சாதாரணக் கண்ணாடி போதும் என்பது இதன் பெரிய நன்மை. காணொளிகள் காட்டுவதுபோல் ஒரே நாளில் கை எழுந்துவிடாது.

புறக்கணிப்புக்கு, பார்வையை வலப்பக்கம் நகர்த்தும் பட்டகக் கண்ணாடி அணிந்து பொருளைச் சுட்டிப் பழகும் முறையைப் பிரான்ஸின் யீவ் ரோசெத்தி குழு 1998இல் வெளியிட்டது. அடுத்துவந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இடது காதில் குளிர்ந்த நீர் செலுத்தினால், கையைத் தன்னுடையதல்ல என்றவர் சிறிது நேரம் தன்னுடையது என ஏற்பதும் அறியப்பட்டுள்ளது. சற்று நேரத்தில் பழைய நிலை திரும்பிவிடும். இது மூளையைப் புரிந்துகொள்ள உதவிய சோதனை; வீட்டில் செய்துபார்ப்பதற்குரியதன்று.

வீட்டில் நேரும் தவறுகள்

உணர்வில்லாத கை தன்னைக் காத்துக்கொள்ளாது. கொதிக்கும் பாத்திரத்தில் பட்டாலும் விலகாது. சக்கர நாற்காலியின் சக்கரத்தில் சிக்கினாலும் குரல் எழாது. குளிக்கும் நீரின் சூட்டை நல்ல கையாலேயே பார்க்கவேண்டும். மரத்த பக்கத்தில் சுடு ஒத்தடம் கொடுத்து, கொப்புளம் வந்த பின்னரே சூடு அதிகம் என்று அறிவது வீடுகளில் நடக்கும் விபத்து. பாதத்தில் முள்ளோ கல்லோ குத்தியிருக்கிறதா என்று இரவில் ஒருமுறை பார்ப்பது நல்லது.

படுக்கையிலிருந்து எழுப்ப வலுவற்ற கையைப் பிடித்து இழுப்பது மிகப் பரவலான தவறு. தசை பிடிப்பில்லாத தோள்மூட்டு எளிதில் நழுவும். அதில் உண்டாகும் வலி மாதக்கணக்கில் பயிற்சியைத் தடுக்கும். அக்குளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்குவதையும் தவிர்க்கவேண்டும். உட்காரும்போது கையைத் தலையணை மீதோ மேசை மீதோ, நோயாளியின் கண்ணில் படும்படி வைப்பது தோளையும் காக்கும், கையையும் நினைவூட்டும்.

எண்ணெய் தேய்ப்பதால் உடலுக்கு இதமுண்டு, தோலும் காயாது. ஆனால் நோயாளி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்க, வேறொருவர் தேய்த்துவிடுவது உணர்வுப் பயிற்சி ஆகாது. தேய்க்கும்போதே, "இப்போது எந்த விரல்?" என்று கேட்டால் அதே எண்ணெய்க்குக் கூடுதல் வேலை கிடைக்கும். புறாவின் இரத்தத்தைத் தடவினால் பக்கவாதம் தீரும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டின் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. அதற்கு எந்த அடிப்படையும் இல்லை. புறாவின் உயிரோடு, மீட்சிக்கு மிக முக்கியமான முதல் வாரங்களும் இதில் போகின்றன. புதிதாக, திடீரென ஒருபக்கம் மரத்துப்போனால் அது மறுபடி பக்கவாதம் வருவதாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் தரவேண்டும்.

கையைப் பற்றிப் பேசும் விதமும் கவனிக்கத்தக்கது. "செத்த கை" என்று வீட்டில் வழங்கத் தொடங்கினால், நோயாளியும் அதைப் பொட்டலம்போல் மடியில் எடுத்துவைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார். வலக்கை, இடக்கை என்றே சொல்வதற்குச் செலவில்லை.

உணர்வு திரும்பும்போது

முன்னேற்றம் முதல் 3 மாதங்களில் வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் இருக்கும். 6 மாதத்தோடு கதவு அடைந்துவிடுகிறது என்ற பழைய எண்ணம் சரியன்று; ஆண்டுகள் கடந்த பின்னும் பயிற்சியால் தொடுவுணர்வு கூர்மையடைந்தவர்கள் உண்டு. எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை என்பதும் உண்மை. அத்தகையவர்கள் கண்ணின் துணையோடு வேலை செய்யக் கற்கிறார்கள். வெளிச்சமுள்ள நடைபாதை, இரவில் எரியும் சிறு விளக்கு, பிடிமானமுள்ள கழிப்பறை ஆகியவை அவர்களுக்கு வசதிகள் என்பதைவிட உறுப்புகள் எனலாம்.

திரும்பும் உணர்வு எப்போதும் இனிமையாக வருவதில்லை. முதலில் கனமாக, ஈரத்துணி சுற்றியதுபோல, எறும்பு ஊர்வதுபோல வரலாம். தன் நோயையே அறியாதிருந்தவருக்கு அறிவு திரும்புகையில் துயரமும் உடன் வருகிறது. வாரக்கணக்கில் "எனக்கு ஒன்றுமில்லை" என்று சிரித்துப் பேசியவர், ஒருநாள் தன் கையைப் பார்த்து அழத் தொடங்குவார். வீட்டார் நிலைமை மோசமாகிவிட்டதென்று பதறுவார்கள். மூளையைப் பொறுத்தவரை அது முன்னேற்றத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் மனச்சோர்வுக்கான உதவி அவருக்கு மிகவும் தேவைப்படும் காலமும் அதுவே. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு உள்ளாகிறார்.

மீட்சியின் அடையாளங்கள் பயிற்சி அறையில் தெரிவதைவிடச் சிறு நிகழ்வுகளில் முந்தித் தெரிகின்றன. உறக்கத்தில் உடலுக்கடியில் சிக்கிய கை வலிக்கிறது என்று விழித்துக்கொள்வது, காலில் செருப்பு கழன்றதைப் பார்க்காமலே அறிவது, கதவு நிலையில் இடக்கை இடிக்குமுன் அதை ஒடுக்கிக்கொள்வது போன்றவை அவை. இவற்றைத் தேதியிட்டுக் குறித்துவைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டும் குடும்பங்கள் உண்டு.

புரோடலுக்குப் பக்கவாதத்தின் தடங்கள் முழுதும் மறையவில்லை. நன்றாக இருந்த வலக்கையின் கையெழுத்துகூட மாறியிருந்ததை அவரே குறித்திருக்கிறார். ஆயினும் தன் பெருநூலான மருத்துவ நரம்பு உடற்கூற்றியலை மீண்டும் திருத்தி எழுதினார். அதன் மூன்றாம் பதிப்பு 1981இல் வெளிவந்தது.